நாலு லிட்டர் பீரும் ஒரு பை ஐஸும்

சனிக்கிழமை சாயங்காலம். சமையலறைத் தொட்டியில் ஐஸ் மிதக்கிறது. நடுவில் 10 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம். கொஞ்சம் முன்புவரை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த தேன் நிறச் சாறு அதற்குள் இருக்கிறது. கரண்டியைச் சுத்தம் செய்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே தெர்மாமீட்டரைப் பார்க்கிறேன்: 41, 36, 31. இருபதுக்கு வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சிங்கப்பூரில், அடுக்குமாடி வீட்டின் சின்ன அடுப்படியில் பீர் காய்ச்சும் எனக்கு இந்த அரை மணி நேரத்தைவிட முக்கியமான நேரம் கிடையாது.

வீட்டில் பீர் காய்ச்ச விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த மால்ட், எந்த ஹாப்ஸ் என்றுதான். இந்தக் கலையின் பாடங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே குழாயைத் திறந்தால் சில்லென்று தண்ணீர் வரும், நிலவறையில் வைத்தால் 18 டிகிரி தானாகவே கிடைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெயில் ஊரில் முதல் கேள்வி, எப்படி ஆற்றுவது, ஆற்றியதை எப்படிச் சூடேறாமல் காப்பது என்பதுதான். நாலைந்து லிட்டர் மட்டும் காய்ச்சினால் இந்த இரண்டுமே கைக்கு அடங்கும். இடமில்லாத வீட்டுக்காக மட்டும் நான் சிறிய அளவைச் சொல்லவில்லை. பெரிய வீடு இருந்தாலும், நம் தட்பவெப்பத்தில் தொடங்குகிறவருக்கு 4 லிட்டரைத்தான் சொல்வேன்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே 2004 முதல் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உண்டு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, விற்கக் கூடாது. வாலையில் சாராயம் வடிப்பது எந்த அளவிலும் குற்றம். பிரிட்டனில் 1963இல் இதற்கான உரிமக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் மறுவருடம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் தயாரிக்க முடியாது. அங்கே இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம்.

ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: ‘கள்ளச்சாராயம் மாதிரி ஏதாவது ஆயிடாதா?’ 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதைப் பார்த்தவர்கள் கேட்காமல் இருக்க முடியாது. அந்தச் சாவுகளுக்குக் காரணம் தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். குடிப்பவர்களுக்கு அதைத்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். முளைகட்டிய பார்லியைக் காய்ச்சி ஈஸ்டால் நொதிக்க வைக்கும்போது உருவாவது எத்தனால். மெத்தனால் இருந்தாலும் அது பொருட்படுத்த வேண்டாத அளவுதான். காய்ச்சி வடிப்பதும் இல்லை, வெளியிலிருந்து எதையும் கலப்பதும் இல்லை. கெட்டுப்போன பீர் புளிக்கும், நாறும், வாயில் வைக்க முடியாது. அவ்வளவுதான். எத்தனாலும் அளவு மீறினால் குடியைக் கெடுக்கும். அதை நம் வீடுகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, காய்ச்சலுக்கு வருவோம்.

மால்ட் என்பது நமக்குப் புதிய சமாச்சாரம் இல்லை. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் காயவைத்து, வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதே வேலையைப் பார்லிக்குச் செய்தால் மால்ட். முளைக்கும்போது விதைக்குள் நொதிகள் உருவாகின்றன. சேமித்து வைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக் குருத்துக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. பார்லி அந்த வேலையைத் தொடங்கும் நேரத்தில் சூடுகாட்டி நிறுத்திவிடுகிறோம். நொதிகள் அப்படியே உறங்கிக் கிடக்கும். வெந்நீர் பட்டதும் விழித்துக்கொள்ளும். முதல் தடவை மால்ட்டை வெந்நீரில் போட்டபோது கூடத்திலிருந்த என் அத்தை எழுந்து வந்து, ‘யாருக்கு மாப்பிள்ளை ஹார்லிக்ஸ் ஆத்துறீங்க?’ என்று கேட்டார். அவர் மூக்கு சொன்னது சரிதான், ஹார்லிக்ஸும் முளைகட்டிய பார்லியிலிருந்து வருவதுதான்.

என் வழக்கமான கணக்கு இது. கடையிலேயே உடைத்து வாங்கிய வெளிர் மால்ட் 1 கிலோ, தண்ணீர் ஆறரை லிட்டர். தண்ணீர் 69 டிகிரிக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்துக்குள் ஒரு பெரிய மெல்லிய துணிப்பையை விரித்து, மால்ட்டைக் கொட்டிக் கிளறுகிறேன். கட்டி தட்டாமல் கிளற வேண்டும், உப்புமாவுக்கு ரவை கொட்டும் அதே கவனம். சூடு 66க்கு இறங்கி நிற்கும். மூடி, கனமான துண்டு இரண்டைச் சுற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிடலாம். பிறகு பையைத் தூக்கிப் பிழிந்தால் பாத்திரத்தில் இனிப்பான சாறு நிற்கும். வோர்ட் என்று அதற்குப் பெயர். இந்தத் துணிப்பை முறை ஆஸ்திரேலியாவின் வீட்டுக் காய்ச்சல்காரர்களிடமிருந்து வந்தது. மூன்று பாத்திரம் கேட்ட வேலையை ஒன்றில் முடித்துவிடும்.

அந்த 66 டிகிரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பீரின் உடம்பு அங்கேதான் தீர்மானமாகிறது. மாவுச்சத்தை ஒரு நீளமான மல்லிகைச் சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீட்டா அமைலேஸ் என்ற நொதி சரத்தின் நுனியிலிருந்து இரண்டிரண்டு பூவாகப் பறித்துக்கொண்டே வரும். அந்த இரண்டு பூக்கள்தான் மால்டோஸ் சர்க்கரை, ஈஸ்ட் விரும்பிச் சாப்பிடுவது. ஆல்ஃபா அமைலேஸ் நடுவில் கண்ட இடத்தில் வெட்டிப்போடும். வெட்டிய துண்டுகளில் சில ஈஸ்டால் தின்ன முடியாத அளவுக்கு நீளமாக நின்றுவிடும். முதல் நொதிக்கு 60ஐ ஒட்டிய சூடு பிடிக்கும், இரண்டாவது 70ஐ ஒட்டிய சூட்டில் சுறுசுறுப்பாக இருக்கும். அதனால் 64இல் பிடித்தால் பீர் மெலிந்து, இனிப்பில்லாமல், வறண்டு வரும். 68இல் பிடித்தால் நாக்கில் கொஞ்சம் கனமாக, மால்ட் ருசியோடு நிற்கும். 66 இரண்டுக்கும் நடு. நாலு டிகிரி வித்தியாசத்தை நாக்கு கண்டுபிடிக்கும் என்பதை நான் முதலில் நம்பவில்லை. இரண்டையும் காய்ச்சிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்த பிறகு நம்பினேன்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் உண்டு. மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். குளோரின் போலக் கொதிக்க வைத்தால் சட்டென்று போய்விடாது. மால்ட்டிலுள்ள ஃபீனால்களோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் வாசம் பீருக்கு வந்துவிடும். குளோரமைனைப் போக்க, காம்ப்டன் மாத்திரை என்று விற்கும் மெட்டாபைசல்ஃபைட்டில் ஒரு சிட்டிகை போதும். ஒரு முழு மாத்திரை 75 லிட்டருக்கு வரும் என்றால், நமக்கு எவ்வளவு கொஞ்சம் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வோர்ட்டை ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும், அதுவும் மூடாமல். மூடினால் வேகவைத்த சோள வாசம் தரும் கந்தகப் பொருள் ஆவியோடு போகாமல் மறுபடி உள்ளேயே விழும். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூங்காய். கொதிக்கும்போது அதன் அமிலங்கள் உருமாறி கசப்பைத் தரும். கசப்புக்கு நேரம் வேண்டும், வாசனையோ நேரம் ஆக ஆகப் பறந்துபோகும். ஆகவே கொதி வந்ததும் கேஸ்கேட் என்ற வகை ஹாப்ஸ் 8 கிராம், இறக்க 5 நிமிடம் இருக்கும்போது இன்னொரு 8 கிராம். ரசத்துக்குக் கொத்தமல்லியைக் கடைசியில் தூவுவது எதற்கு என்று தெரிந்தவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தொட்டிக்குத் திரும்பி வருகிறேன்.

கொதி நின்றதும் வோர்ட்டைச் சீக்கிரம் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து ஈஸ்டைச் சேர்க்க வேண்டும். சர்க்கரையும் சத்தும் நிறைந்த வெதுவெதுப்பான சாறு என்றால் காற்றில் திரியும் எல்லாக் கிருமிக்கும் விருந்துதான். 20 லிட்டர் காய்ச்சுகிறவர்கள் செம்புக் குழாய்ச் சுருளை உள்ளே இறக்கிக் குழாய்த் தண்ணீரை ஓடவிடுவார்கள். இங்கே குழாயில் வரும் தண்ணீரே 29, 30 டிகிரி. எத்தனை நேரம் ஓடவிட்டாலும் அதற்குக் கீழே இறங்காது. ஐஸ் போட்டுத்தான் தீர வேண்டும், 20 லிட்டருக்கு அது மூட்டைக் கணக்கில் போகும். நாலு லிட்டரென்றால் பாத்திரத்தைத் தொட்டியில் உட்காரவைத்து, குழாய்த் தண்ணீரை இரண்டு முறை மாற்றி 45க்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் 2 கிலோ ஐஸ் பை ஒன்றைப் பிரித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. முதலிலேயே ஐஸைக் கொட்டுவது வீண். கொதிக்கும் பாத்திரத்தின் சூட்டில் உருகித் தீர்ந்துவிடும், கடைசி 10 டிகிரிக்கு எதுவும் மிச்சமிருக்காது.

இந்த ஆற்றும் வேலை எவ்வளவு பழையது என்று சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையைப் படித்தபோது தெரிந்தது. வலைஞர் குடியிருப்பில் வீட்டில் மது ஆக்கும் முறை அதில் படிப்படியாக வருகிறது. கொழியல் அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். அகன்ற வாயுள்ள தட்டில் ஊற்றி ஆற்றுகிறார்கள். புற்றாஞ்சோற்றைப் போலத் தோற்றமளிக்கும் முளையைச் சேர்த்துப் பிசைகிறார்கள். இரண்டு பகல் இரண்டு இரவு கழித்து, சாடியில் விளைய விட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். தானியம், முளை, ஆற்றுதல், சாடி, காத்திருத்தல் என்று எல்லாம் இருக்கிறது. ‘புலர ஆற்றி’ என்று அந்தப் புலவர் நின்று சொல்லும் இடம் என்னை ஒவ்வொரு சனிக்கிழமையும் நிறுத்துகிறது. ஆறும் பரப்பு அகலமாக இருக்க வேண்டும் என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஈஸ்ட் கதை இதைவிடப் புதியது. பவேரியாவில் 1516இல் போட்ட புகழ்பெற்ற பீர்ச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றையும்தான் குறிப்பிட்டது. ஈஸ்டின் பெயரே அதில் இல்லை. அது ஓர் உயிர் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். இன்று நாம் பாக்கெட்டைக் கத்தரித்துக் கொட்டுவதற்குப் பின்னால் அந்த வேலை இருக்கிறது.

நான் ஆரம்பித்த காலத்தில் செய்த பெரிய தவறு, ஏல் என்ற பீர் வகைக்கான வழக்கமான ஈஸ்டை 30 டிகிரி அறையில் அப்படியே விட்டது. அந்த ஈஸ்டுக்கு 18 முதல் 22 வரைதான் சுகம். அதற்கு மேல் போனால் வாழைப்பழ வாசம் தூக்கலாக வரும், கூடவே கனமான ஆல்கஹால்களும் உருவாகும். குடித்தால் தொண்டை எரியும், பெயிண்டில் கலக்கும் தின்னர் போல நெடியடிக்கும், மறுநாள் தலை வலிக்கும். இதில் இன்னொரு சூட்சுமம், நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டை உண்டாக்குகிறது. அறை 30 என்றால் ஜாடிக்குள் அதைவிடச் சில டிகிரி கூடவே இருக்கும். பாத்திரம் பெரிதாகப் பெரிதாக அந்தச் சூடு வெளியேற வழி குறையும். சிறிய ஜாடியில் உள்ளிருக்கும் நீருக்கு வெளிப்பரப்பு அதிகம் என்பதால் சூடு ஓடிப்போய்விடும். சிறிய அளவின் இரண்டாவது ஆதாயம் இது.

ஜாடியை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி ஈரத்துணி சுற்று என்று பலர் சொல்வார்கள். மதுரையில் சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் அதே தத்துவத்தில்தான். ஆனால் பானை குளிர்வதற்குக் காற்று காய்ந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் காற்றே பிழிந்தால் சொட்டும் போல இருக்கும். ஈரம் ஆவியாகாது, துணி நனைந்தே கிடக்கும், ஜாடி குளிராது. எனக்குக் கைகொடுத்தது உறைய வைத்த தண்ணீர் பாட்டில்கள். காலையில் ஒன்று, ராத்திரி படுக்கப்போகும் முன் ஒன்று என்று வாளிக்குள் போட்டு மாற்றினால் 21, 22இல் நிற்கும். முதல் நாலு நாள்தான் இந்தக் காவல். ருசியைக் கெடுக்கும் பொருட்கள் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் உருவாகின்றன.

இத்தனை பாடு வேண்டாம் என்பவர்களுக்கு நார்வே ஒரு வரம் கொடுத்திருக்கிறது. அங்கே பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்டுக்கு க்வைக் என்று பெயர். மர வளையங்களில் தோய்த்துக் காயவைத்து, அடுத்த காய்ச்சல்வரை மாட்டி வைப்பார்களாம். வெதுவெதுப்பாக இருக்கும்போதே சேர்த்துவிடும் வழக்கம் அங்கே இருந்ததால், அந்த ஈஸ்ட் 30 முதல் 40 டிகிரி வரை கெட்ட நெடி இல்லாமல் நொதிக்கப் பழகிவிட்டது. வோஸ் பகுதியிலிருந்து வந்த வகை ஆரஞ்சுத் தோல் வாசம் தரும். நாலைந்து நாளில் வேலையை முடித்துவிடும். பனி பெய்யும் ஊரில் வளர்ந்த ஈஸ்ட் நம் அடுப்படிக்கு இவ்வளவு பொருந்துவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். முதல் தடவை காய்ச்சுகிறவர்கள் இதிலேயே தொடங்கலாம்.

11 கிராம் பாக்கெட்டில் பாதி போதும். ஈஸ்டைப் போட்ட பிறகு ஜாடி வாயில் ஏர்லாக் பொருத்த வேண்டும். உள்ளிருக்கும் வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது.

சுத்தம் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். கொதிக்கும்வரை எது பட்டாலும் கவலையில்லை. ஆறிய பிறகு வோர்ட்டைத் தொடும் எல்லாமும், கரண்டி, புனல், கத்தரிக்கோல்கூட, கிருமிநீக்கியில் நனைய வேண்டும். அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநீக்கி கடையில் கிடைக்கும், லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்தால் போதும். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு விதி உண்டு: பீர் காய்ச்சும் நாளில் இட்லிக்கு அரைப்பதில்லை. மாவைப் பொங்கவைத்துப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் இட்லிக்குத் தெய்வம், பீருக்குப் பகை.

நொதித்து முடிந்ததா என்று எப்படித் தெரியும்? குமிழி நின்றுவிட்டதே என்று நம்பி நான் ஒருமுறை பாட்டிலில் அடைத்தேன். எட்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரியிலிருந்து டமாரென்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் சுவரெல்லாம் நுரை, பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் கண்ணாடிச் சில் குத்தி நின்றது. அந்த நேரத்தில் யாராவது எதிரே நின்றிருந்தால் என்று நினைத்தால் இன்றும் பதறும். ஈஸ்ட் சோம்பியிருந்ததே தவிர வேலையை முடிக்கவில்லை. மிச்சமிருந்த சர்க்கரையைப் பாட்டிலுக்குள் தின்று அழுத்தத்தை ஏற்றிவிட்டது.

ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். தண்ணீரோடு ஒப்பிட்டுச் சாற்றின் அடர்த்தியைக் காட்டும் கருவி அது. ஈஸ்ட் போடும் முன் 1.049 காட்டும் சாறு, முடிந்ததும் 1.011க்கு இறங்கியிருக்கும். வித்தியாசமான 0.038ஐ 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதம். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, எண் மாறாமல் இருந்தால்தான் பாட்டில். சிறிய அளவுக்கு இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நூறு மில்லிக்கு மேல் எடுக்க வேண்டும், நாலு லிட்டரில் அது கொஞ்சமல்ல. ஒளி வளையும் அளவை வைத்துச் சர்க்கரையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு இரண்டு சொட்டு போதும். ஆனால் ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது காட்டும் எண்ணைத் திருத்திப் படிக்க வேண்டும். நான் அந்த நூறு மில்லியைக் குடித்துப் பார்த்துவிடுகிறேன். கார்பன் ஏறாத இளம் பீரின் ருசியை நாக்கு பழகிக்கொள்வதற்கு வேறு வழியில்லை.

பாட்டிலில் வாயு ஏற, லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. நாலு லிட்டருக்கு 24 கிராமை அரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, மொத்தப் பீரில் கலந்து நிரப்பினால் எல்லாப் பாட்டிலுக்கும் சமமாகப் போகும். கரண்டியால் தனித்தனியாகப் போட்டால் ஒன்று சப்பென்றும் ஒன்று பொங்கியும் வரும். மெல்லிய அலங்காரக் கண்ணாடி வேண்டாம், பீர் வந்த தடித்த பாட்டில்தான் வேண்டும். முதல் இரண்டு முறை சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலில் அடைப்பதையே நான் சொல்வேன். விரலால் அழுத்திப் பார்த்தாலே அழுத்தம் தெரியும், கல் மாதிரி இறுகினால் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். இந்தக் கட்டத்தில் மட்டும் நம் ஊர்ச் சூடு நமக்கு உதவி: அறை வெப்பத்திலேயே பத்து நாளில் வாயு ஏறிவிடும்.

பிழிந்த சக்கையை வீணாக்காதீர்கள். இரண்டு பிடியை அடை மாவில் கலந்தால் நார்ச்சத்தோடு நல்ல கரகரப்பு வரும். அத்தை அதற்காகவே இப்போதெல்லாம் சனிக்கிழமையை எதிர்பார்க்கிறார்.

நாலு லிட்டரிலிருந்து 330 மில்லி பாட்டில் ஒரு டஜன் கிடைக்கும், அளவு பார்த்ததில் ஒன்று குறையும். 20 லிட்டர் காய்ச்சினால் அது தீர்கிறவரை ஒரே பீர், ஒரே தவறு. டஜன் பாட்டில் ஒரு மாதத்தில் காலியாகிவிடும், அடுத்த தடவை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிக் காய்ச்சிப் பார்க்கலாம். என் அலமாரியில் இப்போது 64 டிகிரியில் பிடித்த பதினொரு பாட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதியும் எண்ணும் எழுதியிருக்கிறேன். நாக்கை மறுபடி சோதிக்க, வரும் சனிக்கிழமை அதே மால்ட், அதே ஹாப்ஸ், அதே ஈஸ்ட், 68 டிகிரி. ஃபிரீஸரில் நாலு தண்ணீர் பாட்டில் உறைந்துகொண்டிருக்கிறது. 2 கிலோ ஐஸ் பையை மட்டும் அன்று காலையில் வாங்க வேண்டும்.